கதை வேண்டாம், கத்தியைக் காட்டுங்கள்

பினாங்கில் பழைய பட்டாளத்துக் கத்தி விற்கிறவர் வாயைத் திறந்தாலே, "ஜப்பான்காரன் காலத்துல..." என்றுதான் ஆரம்பிப்பார். கத்தி அப்புறம்தான் துணியிலிருந்து வெளியே வரும். லோரோங் கூலிட் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நின்று பாருங்கள். பழைய கடிகாரம், செம்புக் குத்துவிளக்கு, ஓடாத ரேடியோ, இவற்றுக்கு நடுவில் ஒரு குத்துவாள் கிடந்தால் அதற்கு மட்டும் ஒரு தாத்தா இருப்பார். அந்தத் தாத்தா ஒரு ஜப்பான் அதிகாரிக்கு உதவியிருப்பார், இல்லையென்றால் காட்டில் வெள்ளைக்காரனை ஒளித்து வைத்திருப்பார்.

நான் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டூல்ரூம் ஆள். லேத், கிரைண்டர், அரம் இவற்றோடுதான் பிழைப்பு. சரித்திரத்தைப் பள்ளிக்கூடத்தோடு விட்டவன். ஆனால் ஓர் இரும்பைக் கையில் கொடுத்தால் அதை எந்த மெஷின் தொட்டது, எழுத்து பஞ்ச் வைத்து அடித்ததா லேசரில் சுட்டதா என்று சொல்லிவிடுவேன். கத்தி சேகரிக்க ஆரம்பித்ததும் அந்தக் கிறுக்கில்தான். என் சேகரிப்பில் விலை உயர்ந்த சாமான் அதிகம் இல்லை. அசல் சாமான் நிறைய இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

முதலில் ஜெர்மன் கத்தி. பினாங்கில் இது கொஞ்சம் விசேஷமான சரக்கு. ஏனென்றால் கதைக்கு அடித்தளம் உண்மையிலேயே இருக்கிறது. 1943-44இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பினாங்கைத் தளமாக வைத்து இந்துமாக்கடலில் கப்பல்களை வேட்டையாடின. ஜார்ஜ்டவுன் தெருவில் ஜெர்மன் மாலுமிகள் நடந்தது நிஜம். ஆகவே கழுகுத்தலைப் பிடி வைத்த கடற்படைக் குத்துவாள் ஒன்றைக் காட்டி, "எங்க பாட்டனார் சுவெட்டன்ஹாம் பியர்ல கங்காணியா இருந்தாரு தம்பி, கப்பல் கிளம்புறப்போ அந்த ஆபீசரு இத அவர் கையில குடுத்துட்டுப் போனான்" என்று ஒருவர் சொன்னால் நமக்கும் நம்பத் தோன்றும்.

அப்படி ஒன்றை ஒருவர் என்னிடம் நீட்டினார். கேட்ட விலை நான்காயிரம் வெள்ளி, அதாவது ரிங்கிட். கழுகு வைத்த அந்த மாதிரி 1938இல் வந்தது. அதற்கு முன்னால் பிடியின் உச்சியில் தீப்பிழம்பு வடிவம் இருக்கும். அதுவரைக்கும் சரி. அலகில் நங்கூரம் பொறித்திருந்தது, உறையில் மின்னல் வடிவமும் இருந்தது. நான் பார்த்தது பிடியை. அசலில் மரத்தின் மேல் வெள்ளை செல்லுலாய்டு போர்த்தி, சுற்றிக் கம்பி முறுக்கியிருப்பார்கள். செல்லுலாய்டு என்பது சூடம் கலந்து செய்கிற பொருள். கட்டை விரலால் அழுத்திச் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் பூஜை அறை வாசனை லேசாக வரும். இது எந்த லேபுக்கும் போகாமல் செய்யக்கூடிய பரிசோதனை. தேய்த்தேன். சூடம் இல்லை, பிளாஸ்டிக் வாளி வாசம் வந்தது. அப்புறம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பிடியின் ஓரத்தில் தலையிலிருந்து அடிவரை அச்சுக்கோடு ஓடுகிறது. கழுகின் இறகுகள் தேய்ந்து மழுங்கவில்லை, வார்க்கும்போதே மழுங்கலாக வந்திருக்கின்றன. தேய்மானத்தில் மழுங்கினால் மேடான இடம் மட்டும்தான் மழுங்கும், பள்ளத்துக்குள் கோடு கூர்மையாகவே இருக்கும். இதில் பள்ளமும் சேர்ந்து மழுங்கியிருந்தது.

அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "வேண்டாம்ணே, பட்ஜெட் இல்ல" என்று வந்துவிட்டேன். விற்கிறவரிடம் பாடம் நடத்தினால் அடுத்த தடவை அந்தப் பாடத்தின்படி திருத்திய போலியோடு வருவார். சூடத்தையே உள்ளே தடவிக்கொண்டு வந்தாலும் வருவார்.

அடுத்தது, எல்லாரும் ஆசைப்படுகிற எஃப்-எஸ் குத்துவாள். ஷாங்காய் நகரக் காவல்துறையில் வேலை பார்த்த ஃபேர்பேர்ன், சைக்ஸ் என்ற இரண்டு பேர் வடிவமைத்தது. 1940-41 வாக்கில் லண்டன் வில்கின்சன் கம்பெனி செய்ய ஆரம்பித்தது. கமாண்டோக்கள் கையில் இருந்த கத்தி. மலாயாவிலும் கதைக்கு இடமுண்டு. 1943 மே மாதம் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் டேவிஸ் நீர்மூழ்கியில் வந்து பேராக் கரையில் இறங்கினார். பின்னாளில் ஃபோர்ஸ் 136 என்று பெயர் பெற்ற அந்த இரகசியப் படையின் ஆட்களிடம் இந்தக் கத்தி இருந்திருக்கலாம். "இருந்திருக்கலாம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குத்தான் சந்தையில் ஆயிரம் வெள்ளி கூடுதலாகக் கேட்கிறார்கள்.

இந்தக் கத்தியில் மூன்று மாதிரி உண்டு. முதல் மாதிரியில் கைக்காப்பு, அதாவது பிடிக்கும் அலகுக்கும் நடுவில் நிற்கிற குறுக்குத் தடுப்பு, எஸ் எழுத்துபோல வளைந்திருக்கும், அலகின் அடியில் பட்டையான சதுரப் பகுதி ஒன்று, அதில் பெயர் பொறித்திருக்கும். 1942இல் வந்த இரண்டாம் மாதிரியில் கைக்காப்பு நேராகிவிட்டது, அந்தச் சதுரமும் போய்விட்டது. 1943 கடைசியிலிருந்து மூன்றாம் மாதிரி: பித்தளைப் பிடிக்குப் பதில் மலிவான கலப்பு உலோகத்தில் வார்த்த, வளையம் வளையமாக இருக்கும் பிடி. போர் நெருக்கடியில் வேலை எப்படி எளிமையாக்கப்பட்டது என்பதை இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரியும். எங்கள் டூல்ரூமில் ஆர்டர் குவிந்தால் நாங்கள் செய்வதும் அதுதான்.

விலை தலைகீழ். முதல் மாதிரி நல்ல நிலையில் இங்கிலாந்து ஏலத்தில் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகும். மூன்றாம் மாதிரி லட்சக்கணக்கில் செய்யப்பட்டது, போருக்குப் பிறகும் செய்துகொண்டே இருந்தார்கள், இன்றைக்கும் செய்கிறார்கள். கைக்காப்பில் இங்கிலாந்து என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது பெரும்பாலும் போருக்குப் பிறகு ஏற்றுமதிக்குச் செய்த சரக்கு. அதைக் காட்டி, "பாருங்க, இங்கிலாந்துன்னே போட்டிருக்கு, ஒரிஜினல்!" என்பார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுவேன்.

முதல் இரண்டு மாதிரிகளின் பிடியில்தான் எனக்கு வேலை. அந்தச் சொரசொரப்பு லேத்தில் நர்லிங் போட்டது. நர்லிங் வீல் உலோகத்தை அழுத்தித் தள்ளி வைரம் வைரமாகக் கூம்பு எழுப்பும். ஒவ்வொரு கூம்பின் நுனியும் தனித்தனியாக இருக்கும், பிடி குறுகுகிற இடத்தில் வைரங்கள் கொஞ்சம் நெருங்கி, வரிசை மாறும். வார்ப்பு எடுத்த போலியில் இந்தத் தடுமாற்றமும் சேர்ந்து நகலாகிவிடும், ஆனால் கூம்பு நுனி கற்கண்டு கரைந்த மாதிரி உருண்டிருக்கும். நகத்தை வைத்து ஓட்டிப் பாருங்கள், அசல் நர்லிங் நகத்தைக் கடிக்கும். கை பட்டுப் பட்டுத் தேய்ந்ததாக இருந்தால், உள்ளங்கை அழுத்துகிற இடம் மட்டும் வழுவழுப்பாக, கைக்காப்பை ஒட்டிய மூலை கூர்மையாக இருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்த கத்தியை எந்தக் கையும் பிடித்ததில்லை.

உறையையும் மறந்துவிடாதீர்கள். இந்தக் கத்தியின் தோலுறையில் இரண்டு பக்கமும் காதுகள்போலத் தோல் துண்டுகள் இருக்கும், உடுப்பில் வைத்துத் தைத்துக்கொள்வதற்காக. நிறையப் பேர் அதை வெட்டி எறிந்துவிட்டார்கள். காதுகள் நான்கும் முழுசாக இருக்கிற உறை கிடைத்தால் கத்தியின் விலை நன்றாகவே ஏறும். ஒரு சின்ன நீல விளக்கு, அதாவது கள்ள நோட்டுப் பார்க்கிற புற ஊதா டார்ச், கையில் இருந்தால் தையல் நூலின் மேல் அடியுங்கள். வெள்ளை நூல் பளீரென்று நீலமாக மின்னினால் அது போருக்குப் பிந்தைய நூல். நூல் மட்டும் மாற்றியிருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் விலை பேசும்போது அந்தச் சந்தேகத்தின் பலன் உங்களுக்கு வரவேண்டும், விற்பவருக்கு அல்ல.

பயனெட், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தி, அந்தப் பக்கம் வந்தால் மோசடி இன்னும் நுணுக்கம். பிரிட்டிஷ் 1907 மாதிரி பயனெட், 17 அங்குல அலகு, முதல் உலகப்போரின் வேலைக்காரக் கத்தி. ஆரம்பத்தில் அதன் கைக்காப்பில் கீழ்ப்பக்கம் ஒரு கொக்கி வளைந்து நிற்கும். 1913இல் கொக்கியை நீக்கிவிட்டார்கள். பழையவற்றிலும் பட்டறையில் வெட்டி எடுத்துவிட்டார்கள். அதனால் கொக்கியோடு தப்பியது அபூர்வம், விலை பல மடங்கு. விளைவு? கொக்கி இல்லாததில் கொக்கியை வெல்டிங் பண்ணி ஒட்டுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க வெல்டிங்கைத் தேடவே வேண்டியதில்லை, அலகின் அடியில் செய்த மாதமும் வருடமும் பொறித்திருக்கும். இங்கிலாந்துத் தயாரிப்பு, 1917ஆம் வருடம், கூடவே கொக்கி என்றால் யோசிக்காமல் கீழே வைத்துவிடலாம்.

முத்திரையைப் படிப்பதற்கு எனக்கு ஒரே கேள்விதான்: குழிக்கு மேல் எழுத்தா, எழுத்துக்கு மேல் குழியா? தொழிற்சாலையில் அடித்த முத்திரைக்குப் பிறகுதான் கத்தி துருப்பிடித்திருக்கும். எனவே துருக்குழி எழுத்தைத் தின்றிருக்க வேண்டும். எழுத்து துருக்குழியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, அதன் அடிப்பகுதி சுத்தமாக இருந்தால் துருப்பிடித்த பழைய இரும்பின் மேல் புதிதாக யாரோ அடித்திருக்கிறார்கள். லேசர் என்றால் பள்ளத்தின் தரை மட்டமாக, மெல்லிய இணைகோடுகளோடு இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும்.

துருவைச் செய்கிற வித்தையும் நம் ஊரில் சுலபம். சர்க்யூட் போர்டு அரிக்கப் பயன்படுத்தும் ஃபெரிக் குளோரைடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். அதில் முக்கி எடுத்து, மண்ணில் புதைத்து, ஷூ பாலிஷ் தேய்த்தால் அறுபது வயது கூடிவிடும். ஆனால் அமிலத்துருவுக்கு ஒரு குணம், எங்கும் சமமாகப் பரவும். உண்மையான கத்தி ஒரு பக்கம் உறையில் உரசி, ஒரு பக்கம் ஈரத்தில் கிடந்து, வியர்வைக் கை பட்ட இடத்தில் விரல் அடையாளத்தோடு கறுத்து, ஒழுங்கில்லாமல்தான் வயதாகும். பழைய துரு காப்பிக் கறுப்பாக இறுகிக் கிடக்கும்; விரலில் ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் அது நேற்றையது. பினாங்கு ஈரக்காற்றில் நேற்றையது என்பது நல்ல கத்தியிலும் வரலாம், ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

குக்கிரி என்கிற கூர்க்கா கத்தியைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: சிங்கத்தலைப் பிடி, பளபளக்கும் பித்தளைப் பூவேலை என்றால் அது சுற்றுலாப் பயணிக்குச் செய்தது. 2003இல் காட்மாண்டுவின் பழைய ஆயுதக் கிடங்கையே அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக வாங்கியதில் நூறு வருடத்து அசல் குக்கிரிகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்துவிட்டன. பழசு என்பதாலேயே அபூர்வம் ஆகிவிடாது.

ஐ.என்.ஏ. என்று பொறித்த கத்தியைக் காட்டினால் நம்மவர்களுக்கு உடனே நெஞ்சு விம்மும். எனக்கும்தான். தோட்டப்புறத்திலிருந்து நேதாஜி படைக்குப் போகாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தப் படையிடம் இருந்தவை பெரும்பாலும் பிரிட்டிஷாரிடமிருந்து ஜப்பானியர் பறித்த ஆயுதங்கள். அப்படியானால் ஐ.என்.ஏ. வீரர் தூக்கிய பயனெட் பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? பிரிட்டிஷ் இந்தியப் பயனெட்டைப் போலத்தான், கல்கத்தா பக்கம் இஷாப்பூர் தொழிற்சாலையின் முத்திரையோடு. பெயர் பளிச்சென்று பொறித்த கத்தி கிடைக்கிறது என்றால், அதை யாருக்காகப் பொறித்தார்கள்? நமக்காகத்தான்.

சரி, உண்மையில் இங்கே இருந்த கத்திகள் எங்கே போயின? அவை வேலைக்குப் போயின. அவற்றைச் சந்தையில் பார்க்க முடியாததற்குக் காரணம் அதுதான். தோட்டத்தில் நல்ல எஃகு கையில் கிடைத்தால் எவன் அதைச் சுவரில் மாட்டுவான்?

என்னோடு வேலை பார்க்கும் பையனின் அம்மா நிபோங் திபால் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில் இருக்கிறார். என் பைத்தியம் தெரிந்தவன் என்பதால், "அண்ணே, வீட்ல ஒரு பழைய கத்தி கிடக்கு, வந்து பாருங்க" என்று கூட்டிப்போனான். பசியாறிவிட்டுத்தான் கத்தியைப் பற்றிப் பேச விட்டார் அந்த அம்மா. அப்புறம் பின்பக்கத்துத் தேங்காய்க் கூடையிலிருந்து எடுத்து வந்தார்.

ஜப்பானிய 30ஆம் வகைப் பயனெட். 1897இல் வந்த மாதிரி. அலகு 40 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், இதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. நுனியை ஹாக்ஸாவால் அறுத்து, முனையை அரத்தால் உருட்டியிருந்தார்கள். அரத்தின் கோடுகள் சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையில்லாமல், உட்கார்ந்துகொண்டு கால் கட்டைவிரலுக்கு நடுவில் கத்தியைப் பிடித்து ராவியவர் போலத் தெரிந்தது. துப்பாக்கி வாய் நுழைகிற வளையம் கையில் இடிக்கும் என்று அதையும் அறுத்திருந்தார்கள். மரப்பிடி போய் கித்தா மரத்தில் ஒரு பிடி, மூன்று தலைமுறைக் கை எண்ணெயில் கறுத்துப்போனது. பிடியின் முனையில் பறவைத்தலை வடிவமும், துப்பாக்கியில் மாட்டுகிற பள்ளமும் மட்டும் அப்படியே. அலகின் அடியில், தீட்டித் தீட்டி மெலிந்த இடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி, அடுக்கிய குண்டுகள்போல நான்கு வளையங்கள். தோக்கியோ ஆயுதச்சாலையின் முத்திரை, பிறகு கொக்குரா நகர ஆயுதச்சாலைக்குப் போனது. அந்த வளையங்களின் ஓரத்தைத் துரு தின்றிருந்தது. எழுத்துக்கு மேல் குழி.

"இது எப்படிம்மா உங்க வீட்டுக்கு வந்துச்சு?" என்றேன்.

"எங்க மாமியார் இதுலதான் தேங்காய் உடைப்பாங்க. அதுக்கு முன்ன யாரு வச்சிருந்தான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

இத்தனை வருடத்தில் நான் கேட்ட மிக நம்பகமான வரலாறு இது. அவருடைய மாமனார் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போனவர், திரும்பி வரவில்லை. அந்தச் செய்தியையும் கத்தியையும் சேர்த்து அவர் பேசவேயில்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டால் விலை எங்கே போகும் என்பது சந்தையில் நிற்பவனுக்குத் தெரியும். 1945 செப்டம்பர் 2ஆம் தேதி பினாங்கு கடலில் நெல்சன் போர்க்கப்பலில் ஜப்பானியர் சரணடைந்து கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு நாடு முழுக்க எத்தனை பயனெட் ஸ்டோர் ரூமிலும் வாய்க்காலிலும் கிடந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தால், இதற்கு வேறு கதையே தேவையில்லை.

இதன் படத்தைக் கோலாலம்பூரில் பெரிய சேகரிப்பு வைத்திருக்கும் ஒருவருக்கு அனுப்பினேன். "அறுத்துக் கெடுத்துட்டாங்களே, முப்பது வெள்ளி தரலாம்" என்றார். சந்தைக் கணக்கில் அவர் சொன்னது சரிதான். மதிப்பு என்பது முழு நீளம், தொழிற்சாலைப் பூச்சு, பொருந்தும் எண் உள்ள உறை, யாரும் கை வைக்காத திருகாணி. இதில் எதுவுமே இல்லை. ஆனால் ஏதோ ஒரு கிடங்கில் எண்ணெய்க் காகிதம் சுற்றிக் கிடந்து, மலாயா மண்ணையே மிதிக்காமல், ஏலத்தில் வந்திறங்கிய பளபள பயனெட்டைவிட இதுதான் இந்த ஊர்க் கத்தி என்று எனக்குத் தோன்றுகிறது.

வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. இணையத்தில் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், ஏலத்தில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள், அதோடு ஏலக் கம்பெனியின் கமிஷனையும் கூட்டுங்கள். வாங்கியதும் பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பழைய கறுப்பு போனால் விலையில் பாதி போனது. தையல் மெஷின் எண்ணெய் மெல்லியதாகத் தடவினால் போதும். தோலுறைக்குள் கத்தியை விட்டுவைக்காதீர்கள், தோல் பதனிட்ட உப்பு நம் ஊர் ஈரத்தில் அலகைத் தின்னும். அப்புறம், பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதற்கு 1958ஆம் வருடச் சட்டம் கடுமையானது. காடியில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றிக் கூட்டாளிகளுக்குக் காட்டுகிற வேலை வேண்டாம். எது வைத்திருக்கலாம், எது கூடாது என்று வாங்குவதற்கு முன்னாலேயே போலீஸ் ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தேங்காய்க் கத்தியை அந்த அம்மா காசு வாங்காமலே கொடுத்துவிட்டார். பதிலுக்கு ஹார்ட்வேர் கடையில் நல்ல கத்தியாகப் பார்த்து ஒன்று வாங்கிக் கொடுத்தேன். போன வாரம் பையன் வந்து தலையைச் சொறிந்தான். புதுக் கத்தி இரண்டாவது தேங்காயிலேயே வாய் மடங்கிவிட்டதாம், பழையதைக் கேட்கிறாராம். முத்திரையைப் படம் எடுத்து, நீளம் அகலம் எல்லாம் அளந்து எழுதி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.